எட்டு வயது மகன் வாசிக்கத் தடுமாறுகிறான், என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, தரம் 3இல் படிக்கிறான். புத்தகத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி வாசிக்கிறான். சில நேரம் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தானாக இட்டுக்கட்டிச் சொல்கிறான். முடித்த பிறகு என்ன வாசித்தாய் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. கதைக்கும்போதும் சொல் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் "அது", "அந்தச் சாமான்" என்பான். நான் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடியவே பஸ் வந்துவிடும், திரும்பி வர இருட்டிவிடும். அம்மம்மாதான் அவனைப் பார்க்கிறா. பின்னேரத்தில் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு இருப்பான். கணவர் உழவு இயந்திரம் ஓடுகிறவர். மகன் சரியாக வாசிக்காவிட்டால் பத்துப் பக்கம் பார்த்து எழுத விடுவார். மூத்த மகளுக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. வகுப்பு ரீச்சர் "வீட்டில் கவனியுங்கோ" என்கிறா. எனக்கும் 2009 இடப்பெயர்வோடு ஏழாம் வகுப்பில் படிப்பு நின்றுவிட்டது, வேகமாக வாசிக்க வராது. என்னால்தான் இப்படி ஆனதோ? மூளை வளர்ச்சி குறைவா? இன்னொரு ரியூசனில் விடவா? தரம் 5 புலமைப்பரிசிலை நினைத்தால் எனக்கு நித்திரை வருகுதில்லை.
(பெயர் வேண்டாம், தருமபுரம்)

பதில் தருபவர்: ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்

அன்புள்ள தங்கச்சி,

உங்களை அதிகம் நோகடிக்கிற கேள்வியை முதலில் எடுக்கிறேன். உங்களால் இப்படி ஆகவில்லை. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளிலும் வாசிப்பில் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகம் படிக்காத தாய்மாரின் பிள்ளைகள் கடகடவென்று வாசிப்பதும் உண்டு. உங்கள் மூத்த மகளே அதற்குச் சாட்சி. அவளும் இதே வீட்டில், உங்கள் கையில்தானே வளர்ந்தாள்? 2009இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடி, செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்த பிள்ளைகள் பலர் இன்று வன்னியில் தாய் தகப்பன்மார். பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் பின்வாங்கில் ஒதுங்கி இருக்கிற அம்மாமாரை நிறையப் பார்த்திருக்கிறேன். ரீச்சர் ஏதாவது வாசிக்கச் சொல்லிவிடுவாவோ என்ற பயம் அவர்களுக்கு. உங்கள் படிப்பைப் பறித்தது யுத்தம். அதற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூளை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கச் சிரமப்படுவதை வைத்து ஒரு பிள்ளையின் புத்தியை அளக்க முடியாது. பேச்சு, கேட்டுக் கேட்டுத் தானாக வந்துவிடும். வாசிப்பு அப்படி வராது. யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் போதும், சிலருக்கு நிறைய வேண்டும், மெதுவாக வேண்டும். உங்கள் மகன் இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விசயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு இருக்கின்றன. எழுத்தைக் கூட்டி வாசிக்க வரவில்லை என்பது ஒன்று. சொல் வருவதில்லை, வாசித்தது விளங்குவதில்லை என்பது மற்றது. வீட்டிலும் பாடசாலையிலும் இரண்டையும் சேர்த்து "வாசிக்கத் தெரியாது" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், பிறகு இரண்டுக்கும் ஒரே வைத்தியத்தைச் செய்கிறோம். 1986இல் கோஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியை விளங்கிக்கொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்து விளங்குவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூச்சியம் என்றால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூச்சியம்தான். ஆகவே உங்கள் மகனுக்கு எந்தப் பக்கம் குறைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தபடி பார்க்கலாம்.

அவனுடைய தமிழ்ப் புத்தகத்தில் அவன் இன்னும் படிக்காத ஒரு சின்னப் பாடத்தை எடுங்கள். நீங்களோ அக்காவோ அதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவன் புத்தகத்தைப் பார்க்க வேண்டாம், கேட்டால் போதும். பிறகு கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஓரளவு ஒழுங்காகச் சொன்னால் மொழி இருக்கிறது, எழுத்துத்தான் தடுக்கிறது. காதால் கேட்டும் சொல்ல முடியவில்லை என்றால் சொற்களின் பக்கம் குறைவு இருக்கிறது.

பிறகு ஒரு தாளில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களை எழுதுங்கள்: மாடு, குளம், கோழி, பனை, தேங்காய். பக்கத்தில் அர்த்தமே இல்லாத சில சொற்களையும் எழுதுங்கள்: மோபி, தெனு, வாகிடை. விளையாட்டுச் சொல் என்று சொல்லியே கொடுங்கள். தெரிந்த சொற்களை வாசித்து, மோபியில் மாட்டிக்கொண்டால் அவன் எழுத்தை வாசிக்கவில்லை, சொல்லின் உருவத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை இட்டுக்கட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதுதான் நடக்கும் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவதாக, ஒரே மூச்சில் இரண்டு வேலை சொல்லிப் பாருங்கள்: "குசினிக்குள்ள போய், குடத்துக்குப் பக்கத்தில இருக்கிற சின்னக் கிண்ணத்தை எடுத்து அம்மம்மாட்டக் குடுத்திட்டு, கதவைச் சாத்திப்போட்டு வா." கையைக் காட்டாதீர்கள், கண்ணாலும் காட்டாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை இதைச் செய்ய வேண்டும். பாதியில் நின்று "என்னம்மா?" என்று கேட்டால் குறித்து வையுங்கள்.

அப்படிக் கேட்கிற பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காதில் சீழ் வடிந்திருக்கிறதா? தடிமன் வந்தால் காது அடைத்துக்கொள்கிறதா? போன் சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா? அரைகுறையாகக் கேட்கிற காதுக்கு "பல்", "பள்" எல்லாம் ஒன்றுதான். சொல் தெளிவாக உள்ளே போனால்தானே தெளிவாக வெளியே வரும்? கண்ணும் அப்படித்தான். புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறானா, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்க்கிறானா என்று ரீச்சரிடம் கேளுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழமையாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். உங்கள் மகன் தரம் 3. அடுத்த வருடம் வரட்டும் என்று இருக்க வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டு, ஊர் வைத்தியசாலையில் காட்டி, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். கண், காது இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் நான் கீழே எழுதுகிற எதையும் தொடங்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

இனி எழுத்துக்கு வருகிறேன். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயப்படுத்த வேண்டாம். 12 உயிர், 18 மெய், அதன்மேல் ஏறுகிற கொம்பு (கெ), அரவு (கா), விசிறி (கி), குற்று (க்). இவ்வளவும் பிடிபட்டால் மற்றதில் பெரும்பகுதி வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் பலர் க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடமாக்கி இருப்பார்கள். நடுவில் "கீ" மேல் விரலை வைத்து என்னவென்று கேட்டால், க-விலிருந்து மனதுக்குள் பாடிக்கொண்டு வந்துதான் சொல்வார்கள். பாட்டுத் தெரியும், எழுத்துத் தெரியாது. உங்கள் மகனிடமும் வரிசை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அவன் தடக்குகிற இடங்களை உற்றுக் கவனியுங்கள். கண்டபடி தடக்க மாட்டான், குறிப்பிட்ட இடங்களில்தான் தடக்குவான். கெ, கே, கை மூன்றிலும் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் வாய் முதலில் சொல்வது க் என்ற சத்தத்தை. கண் போகிற வழி ஒன்று, சத்தம் போகிற வழி இன்னொன்று. கொ, கோ என்றால் எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் குறி. அந்த அரவை "ர" என்று எடுத்துக்கொண்டு "கொடி"யை "கெரடி" என்று வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உகரமும் அப்படித்தான். சு, பு, வு ஒரு மாதிரி, மு, டு, ரு இன்னொரு மாதிரி, து, நு, லு வேறு மாதிரி. பெரியவர்களுக்கு இது கண்ணில் படாது, பழகிவிட்டோம். பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புதுச் சிக்கல். ஒரு கிழமைக்கு ஒரு சிக்கலை மட்டும் எடுங்கள். இந்தக் கிழமை கொ, கோ என்றால் அது மட்டும்தான்: கொடி, கோடு, பொரி, போடி, தொடு, தோடு. பழைய கலண்டர் தாளில் எழுத்துகளைப் பெரிதாக எழுதி வெட்டி, அவன் கையாலேயே அடுக்கிச் சொல் செய்யட்டும். அரவை எடுத்தால் என்ன சொல், கொம்பை மாற்றினால் என்ன சொல் என்று அவனே மாற்றிப் பார்க்கட்டும். முற்றத்து மணலில் விரலால் எழுதினாலும் நல்லது. அழிப்பதற்கு யாரும் ஏச மாட்டார்கள்.

எழுத்துக்கு முன்னால் சத்தம் இருக்கிறது. அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் இந்த வேலையை அவ செய்யலாம். "மா என்று தொடங்கிற சாமான் என்னென்ன இருக்கு?" மாடு, மாம்பழம், மாலை, மாவு. "பூசணிக்காய்க்குக் கை தட்டு பாப்பம்." பூ, ச, ணிக், காய் என்று நாலு தட்டு. "பனையில ப-வை எடுத்தால் என்ன மிச்சம்?" அரிசி புடைக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் கேட்கலாம். சொல்லைச் சத்தம் சத்தமாகப் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தை ஒட்டிச் சொல்லாக்கவும் வராது.

கொஞ்சம் வெளியே போனால், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஓடுகிற பஸ்ஸின் பெயர்ப்பலகை நல்ல வாசிப்புப் புத்தகம். "கிளிநொச்சி" என்ற ஒரு சொல்லுக்குள் விசிறி, கொம்பு, அரவு, குற்று எல்லாம் இருக்கின்றன. பால்மா பக்கெட், சவர்க்காரக் கவர், கடைப் பெயர் என்று எதையும் விட வேண்டாம்.

இனி சொற்கள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். பலர் இந்தப் பக்கத்தைக் கவனிப்பதே இல்லை, எழுத்து வந்தால் எல்லாம் வரும் என்று நினைக்கிறார்கள். தமிழை வாசிக்கவே சொல் தெரிந்திருக்க வேண்டும். "ப-க-ல்" என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிற பிள்ளை, கடலில் வருகிற அந்த அழுத்தமான க-வைச் சொல்வான். நாங்கள் சொல்கிற பகல் அப்படி ஒலிப்பதில்லை. தங்கத்தில் வருகிற க இன்னும் வேறு. ஒரே எழுத்து மூன்று சத்தம். பகல் என்ற சொல் முன்பே காதில் இருக்கிற பிள்ளை, "ப-க-ல்... ஓ, பகல்!" என்று தானே திருத்திக்கொள்வான். சொல் காதில் இல்லாத பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். உங்கள் மகனுடைய இரண்டு பிரச்சினையும் சந்திக்கிற இடம் இதுதான்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் நாங்கள் "மாமாவை வருகினம்" என்கிறோம். புத்தகத்தில் "மாமா குடும்பத்தினர் வருகிறார்கள்" என்று இருக்கிறது. வீட்டில் "நிக்கிறன்", புத்தகத்தில் "நிற்கிறேன்". ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகும்போது பாதிப் புதுத் தமிழ் ஒன்றையும் சேர்த்துத்தான் படிக்கிறான். கதை வாசித்துக் காட்டுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தமிழ் முன்பே காதில் விழுந்திருக்கும். மற்றப் பிள்ளைக்கு அதை நாங்கள்தான் காதில் போட வேண்டும்.

உங்கள் மகனுக்குச் சொல்லே இல்லை என்று நான் நம்பவில்லை. கமத்துக்குள் வளர்கிற பிள்ளை அவன். கேட்டுப் பாருங்கள்: வரம்பு, வாய்க்கால், துருசு, அலைகரை, பட்டி, கொட்டில், பதர், சூடடிப்பு. குளம் வான் பாய்கிறது (நிரம்பி வழிகிறது) என்றால் என்னவென்று கொழும்புப் பிள்ளைக்கு விளக்க வேண்டும், இரணைமடுக் குளத்துப் பக்கம் வளர்கிற பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சொற்களை யாரும் அவனிடம் கேட்பதில்லை, அவன் வாயில் எடுக்கிற சந்தர்ப்பமும் இல்லை. அதனால் எல்லாம் "அந்தச் சாமான்" ஆகிவிடுகிறது.

அவன் "அந்தச் சாமானை எடு" என்றால் "எந்தச் சாமான்? பேரைச் சொல்லு, எத்தனை தரம் சொல்லித் தந்தனான்?" என்று மறிக்காதீர்கள். சொல்லை நீங்களே கொடுங்கள், கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள். "மண்வெட்டியா? பிடி உடைஞ்ச மண்வெட்டியா, அப்பா புதுசா வாங்கினதா?" இப்போது அவன் "பிடி உடைஞ்சது" என்றாவது சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு நாள் முழுக்க அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரட்டும். "மண்வெட்டியைக் கழுவி வை ராசா." "மண்வெட்டியால வெட்டிறதா, கொத்திறதா?" "மண்வெட்டி இல்லாட்டி வரம்பு கட்டேலுமா?" ஒரு சொல் ஒரு தரம் கேட்டு ஒட்டாது. பல தரம், பல வேலைகளில் கேட்க வேண்டும்.

அடுத்தது, வீட்டுச் சொல்லையும் புத்தகச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. அவனுக்கு அருவி வெட்டுத் தெரியும், புத்தகம் அறுவடை என்கிறது. கமம் தெரியும், புத்தகம் வேளாண்மை என்கிறது. வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவது தெரியும், புத்தகம் நீர்ப்பாசனம் என்கிறது. "அப்பா இப்ப காலபோக அருவி வெட்டுக்குப் போறார். புத்தகத்தில இதைத்தான் அறுவடை எண்டு போட்டிருக்கு." இவ்வளவுதான். ஒரு பாடத்தில் இப்படி மூன்று நாலு சொல்லை எடுத்து, பாடத்தை வாசிக்க முன்னமே கதைத்துவிட்டால், அவன் அந்தப் பாடத்தைத் தொடும்போது பாதித் தூரம் வந்துவிட்டான். கேள்வி பதிலை அக்காவிடம் பாடமாக்க விடுவதை விட இது எவ்வளவோ மேல்.

எழுத்தையும் சொல்லையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். இரவு சாப்பிட்ட பிறகு, இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அவன் சொல்வதை நீங்கள் எழுதுங்கள், இரண்டு மூன்று வசனம் போதும். அவன் "ஆடு... அது அங்க போய்... அம்மம்மா ஏசினவா" என்பான். நீங்கள் கேட்டுக் கேட்டு முழுசாக்குங்கள். "எந்த ஆடு? எங்க போனது?" கடைசியில் கொப்பியில் இப்படி இருக்கும்: "வெள்ளை ஆடு வேலியைப் பாய்ந்தது. அது பயற்றங்கொடியைத் தின்றது. அம்மம்மா ஏசினா." எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு விரலை வைத்து அவன் வாசிக்கட்டும். கதை அவனுடையது, சொல் அவனுக்குத் தெரிந்தது, ஆகவே வாசித்து முடிப்பான், விளங்கியும் வாசிப்பான். "பாய்ந்தது", "தின்றது" என்ற புத்தகத் தமிழும் அவன் கதைக்குள்ளேயே வந்துவிடும். அடுத்த நாள் முதலில் பழைய கதை, பிறகு புதுக் கதை. எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று உங்களுக்குப் பயம் இருக்கும். லகர, ளகர, ழகரத்தில் சந்தேகம் வந்தால் புத்தகத்தில் தேடுங்கள், அல்லது அக்காவிடம் கேளுங்கள். அம்மாவும் தேடித்தான் எழுதுகிறா என்று அவன் பார்ப்பது அவனுக்கு நல்லது.

நீங்கள் மெதுவாக வாசிப்பதைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வேண்டியதே அந்த வேகம்தான். இரவு அவன் நித்திரையான பிறகு, அடுத்த பாடத்தைப் போனில் உங்கள் குரலில் பதிவு செய்யுங்கள். தடுமாறினால் நிறுத்தித் திரும்பப் பதியலாம், யாரும் பார்க்கவில்லை. பின்னேரம் அவன் புத்தகத்தைத் திறந்து, உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு, விரலைச் சொல்லுக்குச் சொல் நகர்த்தட்டும். அம்மம்மாவின் வேலை, விரல் நகர்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் உங்கள் வாசிப்பு அவனுக்குக் கிடைக்கும். போன் அவனுக்கு ஏற்கெனவே பிடித்த சாமான், அதைப் பறிப்பதை விட இது சுலபம். கார்ட்டூனை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். அம்மம்மாவுக்கும் ஓய்வு வேண்டும். ஆனால் கார்ட்டூன் அவனிடம் கேள்வி கேட்காது, அவன் பதிலுக்குக் காத்திருக்காது. அதை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தால் அவன் வாயில் சொல் வருவது குறைவு. நேரத்தைப் பாதியாக்குங்கள், பார்த்த பிறகு "அந்தப் பூனை என்ன செய்தது?" என்று அம்மம்மா கேட்கட்டும்.

வாசிக்கப் புத்தகம் இல்லை என்று சொல்வீர்கள். பாடசாலை நூலகத்திலும் பிரதேச சபை நூலகத்திலும் சிறுவர் புத்தகம் இருக்கும். போனில் ஸ்டோரிவீவர் என்று தேடினால் தமிழில் நிறையப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும், நாலு நிலையாகப் பிரித்திருப்பார்கள். முதலாம் நிலையில் தொடங்குங்கள். தரம் 3 பிள்ளைக்கு இது சின்னப் பிள்ளைப் புத்தகம் என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். சில கதைகளின் தமிழ் இந்தியத் தமிழாக இருக்கும், அங்கங்கே எங்கள் சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணவரோடு கதைக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. பத்துப் பக்கம் பார்த்து எழுத விடுவதை நிறுத்த வேண்டும். அவர் கெட்ட மனதில் செய்யவில்லை, எங்கள் காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை பார்த்து எழுதும்போது எழுத்தைப் படம் கீறுகிற மாதிரிக் கீறுகிறான், அவ்வளவுதான். கை வலிக்கும், புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பு வரும். அப்பாவுக்கு வேறு வேலை கொடுங்கள். உழவு இயந்திரத்தின் பாகங்கள் எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. கலப்பை, சில்லு, பெட்டி, கொழுக்கி என்று மகனுக்குக் காட்டிப் பேர் சொல்லட்டும், எது எதற்கு என்று சொல்லட்டும். அக்காவோடு ஒப்பிடுவதையும் விருந்தாளிக்கு முன்னால் வாசிக்க விடுவதையும் வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். அடி வேண்டவே வேண்டாம்.

ஒரு நாளைக்கு 15 அல்லது 20 நிமிடம் போதும். களைத்து வருகிற உங்களால் அதற்கு மேல் முடியாது, அவனாலும் முடியாது. ஆனால் நாள் தவறாமல் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் இருத்தி வைப்பதில் பிரயோசனம் இல்லை.

ரியூசன் வேண்டாம். நாற்பது பிள்ளைகள் இருக்கிற கொட்டகையில், இவனுக்கு எந்த எழுத்தில் தடக்குகிறது என்று பார்க்க அந்த ஆசிரியருக்கு நேரம் கிடையாது. இவன் பின்னால் ஒளிந்திருக்கப் பழகுவான், அவ்வளவுதான். அந்தக் காசில் கதைப் புத்தகம் வாங்கலாம். புலமைப்பரிசிலையும் இப்போதைக்கு வீட்டில் யாரும் வாயில் எடுக்க வேண்டாம். தரம் 5க்கு இன்னும் காலம் இருக்கிறது, வாசிப்பு வராமல் அந்தப் பரீட்சைக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

ரீச்சரிடம் போங்கள், பயப்பட வேண்டாம். "வீட்டில் கவனியுங்கோ" என்றால் என்ன கவனிப்பது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்த கிழமை எந்தப் பாடம் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், பதிவு செய்யவும் சொல் பழக்கவும் உதவும். மகனை முன்வரிசையில் இருத்தச் சொல்லுங்கள். வகுப்பில் எழுப்பி வாசிக்க விடுவதென்றால், முதல் நாளே வீட்டில் பழகி வந்த பகுதியைக் கொடுக்கச் சொல்லுங்கள். தரம் 1, 2க்கான அடிப்படைத் தேர்ச்சிகளில் எதெது அவனுக்கு வரவில்லை என்று ரீச்சரிடம் கேட்டால், எங்கே தொடங்குவது என்பது இன்னும் தெளிவாகும்.

இவ்வளவும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். கொஞ்சமாவது அசைவு தெரிய வேண்டும். கேட்ட கதையை நன்றாகச் சொல்கிறான், ஆனால் எழுத்து மட்டும் அசையவே இல்லை, நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகத் தெரிகிறது என்றால், டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். உங்கள் குடும்பத்திலோ கணவர் குடும்பத்திலோ சின்ன வயதில் இப்படித் தடுமாறியவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், பரம்பரையாக வருவது உண்டு. அதற்கும் புத்திக்கும் சம்பந்தம் இல்லை. எழுத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஒழுங்காக, படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளும் வாசிப்பார்கள், காலம் கொஞ்சம் கூட எடுக்கும். மாறாக, சொன்ன வேலை விளங்குவதில்லை, சின்ன வயதில் பேச்சும் பிந்தித்தான் வந்தது, இப்போதும் வசனம் ஒழுங்காக வருவதில்லை என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலையில் பிள்ளை வைத்தியரிடம் காட்டி, பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பாடசாலைப் பக்கத்தில், அதிபர் மூலமாக வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். விசேட கல்வி என்ற பெயரைக் கேட்டு ஊர் என்ன சொல்லுமோ என்று யோசிக்காதீர்கள். அங்கே பெயர் கொடுத்ததால் பிள்ளையை வகுப்பில் இருந்து எடுத்துவிட மாட்டார்கள்.

எங்கே போனாலும் அந்த 40 பக்கக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். மாதத்துக்கு ஒரு தரம் அவன் வாசிப்பதைப் போனில் பதிந்து வையுங்கள், அதையும் போட்டுக் காட்டுங்கள். எந்த எழுத்தில் தடக்கினான், எந்தச் சொல் வந்தது, எது வரவில்லை என்று தேதி போட்டு ஓரத்தில் குறித்திருந்தால், பார்க்கிறவர் அதில் இருந்தே வேலையைத் தொடங்கலாம்.